யார் வீட்டு 'க்விக்'?

ஒரு காலத்தில் நம் வீடுகளில் சத்தம் போட லைசென்ஸ் வாங்கிய சாமான்கள் ரொம்பக் கம்மி. பிரஷர் குக்கர் விசிலடிக்கும். பால் குக்கர் ஊளையிடும். அலாரம் டைம்பீஸ் பரீட்சை சமயத்தில் மட்டும் அலறும் (அலறியதும் அப்பா எழுந்துகொள்வார், பையன் தொடர்ந்து தூங்குவான்). சுவரில் ஒரு பல்லி. அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் தனிக் குரல். எது கூப்பிடுகிறது என்று வாசலில் கோலம் போடுகிறவர்களுக்குக்கூடத் தெரியும்.

இப்போது? எங்கள் ஃப்ளாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்கெடுத்தேன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு, இன்வர்ட்டர், கம்ப்யூட்டருக்கான யு.பி.எஸ்., தண்ணீர் ஃபில்டர், ஏ.சி., கேஸ் டிடெக்டர், அம்மாவின் பி.பி. மெஷின், தெர்மாமீட்டர், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு அலாரம். ஆக மொத்தம் பன்னிரண்டு. செல்போன்களைச் சேர்க்கவில்லை. இதில் தண்ணீர்த் தொட்டி மட்டும் வாய்விட்டுப் பேசும். பாக்கிப் பதினொன்றுக்கும் தெரிந்த ஒரே வார்த்தை 'பீப்'.

பதினொரு பேரும் ஒரே குரலில் பேசுவதற்குக் காரணம் உண்டு. எல்லார் வயிற்றிலும் இருப்பது ஒரே சமாசாரம்: பீஸோ பஸ்ஸர். ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மெல்லிய பித்தளைத் தகடு, அதன் மேல் ஒரு பீங்கான் பொட்டு. மின்சாரம் கொடுத்தால் பொட்டு நெளியும், தகடு துடிக்கும், சத்தம் வரும். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருகிறது என்று பியர் க்யூரியும் அண்ணன் ஜாக் க்யூரியும் 1880-ல் கண்டுபிடித்த விஷயத்தைத் திருப்பிப் போட்டது இது. இத்தனை சின்னத் தகட்டுக்கு இயல்பாக வரும் சுருதி, வினாடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வு. மனிதக் காதின் குழாயும் கிட்டத்தட்ட 3,000-ல்தான் நன்றாக ஒத்து ஊதும். எனவே துளி பாட்டரியில் காதைத் துளைக்கலாம். விலையும் சல்லிசு. கம்பெனிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் இதே 3,000 அதிர்வில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சத்தம் காதைத் துளைக்குமே தவிர, எங்கிருந்து வருகிறது என்று சொல்லாது. ரேலே பிரபு என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி 1907-லேயே இதை விளக்கிவிட்டார். கட்டைக் குரலாக இருந்தால் இரண்டு காதுக்கும் சத்தம் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை திசையைக் கண்டுபிடிக்கும். ரொம்பக் கீச்சுக் குரலாக இருந்தால் நம் தலையே ஒரு பக்கத்தை மறைத்து நிழல் போடும். எந்தக் காதில் பலமாகக் கேட்கிறதோ அந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே, கிட்டத்தட்ட 2,000-லிருந்து 4,000 வரை, இந்த வித்தையும் சரியாக வராது, அந்த வித்தையும் சரியாக வராது. பஸ்ஸர் போய் உட்கார்ந்திருப்பது சரியாக அந்தச் சந்தில்! போதாக்குறைக்கு 'க்விக்' என்று கால் வினாடி கத்திவிட்டு வாயை மூடிக்கொள்ளும். தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மொஸைக் தரையிலும் சுவரிலும் பட்டுத் தெறித்து நான்கு பக்கமும் கேட்கும்.

பல்லி எவ்வளவோ தேவலை. பல்லி சொல்வதற்குப் பஞ்சாங்கத்தில் திசைவாரியாகப் பலன் போட்டிருக்கிறது. கிழக்கில் சொன்னால் இன்னது, தெற்கில் சொன்னால் இன்னது என்று. பீப்புக்கு என்ன பலன் பார்ப்பது? திசையே தெரியவில்லையே!

போன மார்கழியில் எங்கள் அபார்ட்மெண்டில் இது நிஜமாகவே பெரிய விவகாரம் ஆகிவிட்டது. நாங்கள் தாம்பரம் பக்கம், இரண்டாவது மாடி. விடியற்காலை மூன்று மணி வாக்கில் 'க்விக்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'க்விக்'. ஆறு மணிக்கெல்லாம் நின்றுவிடும். பகலில் மூச்சுப் பேச்சு கிடையாது.

"என்னங்க, ஃபிரிட்ஜ் கதவு சரியா மூடலை போலருக்கு" என்றாள் மனைவி முதல் நாள். ஃபிரிட்ஜ் கதவு மூடியிருந்தது. இரண்டாம் நாள் கீசர் மேல் சந்தேகம். சத்தம் பாத்ரூமில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டதுதான் காரணம். மூன்றாம் நாள் வாசலில் விசாரித்தால், முதல் மாடியில் அவர்கள் ஏற்கெனவே ஆள் கூட்டி வந்து கீசரைக் கழற்றியிருந்தார்கள். தரைத்தளத்தில் அவர்களுடைய தண்ணீர் ஃபில்டரைச் சந்தேகப்பட்டு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேன் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேன் மட்டும் தெளிவாக இருந்தார். "அது சிள்வண்டு சார்."

அம்மா, "பல்லிதாம்ப்பா. நல்லதுதான் சொல்லுது, விடு" என்றாள்.

நாலாம் நாள் ராத்திரி கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். இந்த மாதிரிக் கேசில் முதலில் பார்க்க வேண்டியது எங்கே என்பதை அல்ல, எத்தனை வினாடிக்கு ஒரு தடவை என்பதை. பீப்புகளுக்குக் குரல் ஒன்றானாலும் தாளம் வேறு. யு.பி.எஸ்., கரண்ட் போனால் சில வினாடிக்கு ஒரு தடவை கத்தும். பாட்டரி தீரப்போகிறது என்றால் விடாமல் கத்தும். ஃபிரிட்ஜ், கதவைச் சாத்துகிற வரை ஓயாது. வாஷிங் மெஷின் வேலை முடிந்ததும் நாலைந்து தடவை சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் முப்பதிலிருந்து அறுபது வினாடிக்குள் ஒரே ஒரு சின்ன 'க்விக்', அதுவும் கடிகாரம் வைத்த மாதிரி வருகிறது என்றால், அது அநேகமாக எங்கேயோ ஒரு அலாரம் தன் பாட்டரி தீர்ந்துபோவதற்கு அழுகிறது என்று அர்த்தம். எங்களுடையது நாற்பத்திரண்டு வினாடிக்கு ஒன்று.

அடுத்த சோதனை, மெயின் ஸ்விட்சை அணைப்பது. கூடவே இன்வர்ட்டரையும். அணைத்த பிறகும் சத்தம் வந்தால் அது பாட்டரியில் ஓடுகிற சாமான், இல்லாவிட்டால் நம் வீட்டுச் சாமானே இல்லை. மூன்றரை மணிக்கு அணைத்தேன். உடனே யு.பி.எஸ். 'கரண்ட் போச்சு' என்று கூவ ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் மனைவி எழுந்தாள். ஒரு பீப்பைப் பிடிக்கப் போய் இன்னொரு பீப். யு.பி.எஸ்ஸையும் அமர்த்திவிட்டு இருட்டில் இருவரும் சோபாவில் உட்கார்ந்தோம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் இவ்வளவு அமைதியாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை.

நாற்பத்திரண்டாவது வினாடி: 'க்விக்'.

ஆக, நம் வீடு இல்லை. பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாகத் தலையை நீட்டினேன். நாலு மாடிக்கும் பொதுவாகக் குழாய்கள் இறங்குகிற சந்து அது. சத்தத்தை அப்படியே புல்லாங்குழல் மாதிரி மேலும் கீழும் கொண்டுபோகிறது. அதனால்தான் அத்தனை வீட்டிலும் அவரவர் கீசர் மேல் சந்தேகம். மனைவி மூன்றாம் மாடிப் படிக்கட்டில் நின்று செல்போனில் ரகசியக் குரலில் சொன்னாள், "இங்கதான். வாத்தியார் வீடு."

மூன்றாவது மாடி வாத்தியாருக்கு எண்பத்திரண்டு வயசு. ரிடையர்டு கணக்கு வாத்தியார். மனைவி காலமாகி நாலு வருஷம். பையன் டல்லாஸில். அந்த நேரத்தில் எழுப்ப மனசு வரவில்லை. ஏழு மணிக்குப் போனோம்.

"சார், நாலு நாளா உங்க வீட்டுல ஒண்ணு கத்திக்கிட்டிருக்கு."

"யாரு? நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

படுக்கை அறைக் கூரையில் வெள்ளைச் சாஸர் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. புகை அலாரம். ஒரு நாள் வாத்தியார் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அசந்து தூங்கிவிட, பாத்திரம் கரியானதைக் கேள்விப்பட்ட பையன் அடுத்த லீவில் சூட்கேஸில் கொண்டுவந்து ஒட்டிவிட்டுப் போனது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருக்கும். டிரான்சிஸ்டரில் போடுகிற மாதிரி ஒரு சதுர 9 வோல்ட் பாட்டரி உள்ளே. அதைப் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது.

சரி, ஏன் விடியற்காலையில் மட்டும்? ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடி அறை குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் பாட்டரிக்குள் ரசாயன வேலை மந்தமாகி வோல்டேஜ் இன்னும் கொஞ்சம் இறங்கும். சாகப்போகிற பாட்டரிக்கு அந்தக் கொஞ்சமே போதும், கோட்டைத் தாண்டிவிடும். ஆறு மணிக்கு வாத்தியார் ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறப்பார். அறை சூடாகும், பாட்டரி மூச்சு விடும், அலாரம் சமாதானமாகிவிடும். குளிர் தேசங்களில் இந்த அலாரங்கள் நடு ராத்திரியில் க்விக்குவதற்கும் இதே காரணம்தான். வேண்டுமென்றே தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அங்கே ஜனங்கள் நினைக்கிறார்கள்.

வாத்தியார் கேட்டார், "எத்தனை செகண்டுக்கு ஒரு தடவை?"

"நாற்பத்திரண்டு சார்."

கண்ணை மூடிக்கொண்டார். "மூணு மணியிலேர்ந்து ஆறு மணி... இருநூத்தி அம்பத்தேழு. நாலு நாளைக்கு ஆயிரத்து இருபத்தெட்டு. ஆயிரத்து இருபத்தெட்டு தடவை கூப்பிட்டிருக்கு. எனக்கு ஒண்ணுகூடக் கேக்கலை."

ராத்திரி படுக்கும்போது காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார். வயசானால் காதில் முதலில் போவது உச்ச ஸ்தாயி. கட்டைக் குரல் கேட்கும், பேத்தியின் கீச்சுக் குரல் புரியாது. பஸ்ஸர் கத்துவதோ அந்த உச்ச ஸ்தாயியில்தான்.

வாட்ச்மேன் ஏணி கொண்டுவந்து பாட்டரியை மாற்றினார். அவர் இறங்குமுன் வாத்தியார் காது மெஷினைக் கழற்றி மேஜையில் வைத்தார். படுக்கையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். "இப்ப அந்த டெஸ்ட் பட்டனை அழுத்தச் சொல்லுங்க."

பத்தடி தூரத்தில் 85 டெசிபல் வரவேண்டும் என்று விதி வைத்துச் செய்கிற சாமான் அது. மூன்று பீப், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று பீப். நான் காதைப் பொத்திக்கொண்டேன். மனைவி ஹாலுக்கு ஓடினாள். தரைத்தளத்திலிருந்து யாரோ "என்னாச்சு?" என்று கத்தினார்கள்.

வாத்தியார் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கேயோ கொசு மாதிரி இருக்கு" என்றார். "இதுக்கு நான் எழுந்திருக்க மாட்டேன்."

அவர் அதை ஒரு கணக்கின் விடை மாதிரித்தான் சொன்னார். எங்களுக்குத்தான் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

இதற்கு விடை தேடி வைத்திருக்கிறார்கள். மெல்போர்னில் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரத்தி ப்ரூக் என்கிற அம்மாளும் இயான் தாமஸும் காது மந்தமானவர்களைத் தூங்க வைத்துவிட்டு விதவிதமாகச் சத்தம் போட்டுப் பார்த்து 2007-ல் முடிவைச் சொன்னார்கள். வழக்கமான 3,100 அதிர்வுக் கீச்சை 75 டெசிபலில் வைத்தால் எழுந்தவர்கள் 56 சதவீதம். அதே 75-ல், 520 அதிர்வில் கொஞ்சம் கரகரப்பான கட்டைக் குரலாக மாற்றினால் எழுந்தவர்கள் 92 சதவீதம். அப்படிப்பட்ட அலாரங்கள் வெளிநாட்டில் கிடைக்கின்றன. தலையணைக்கு அடியில் வைத்தால் கிடுகிடுவென்று ஆட்டுகிற வட்டும் உண்டு. பையனுக்கு எழுதியாகிவிட்டது. கட்டைக் குரலுக்கு பஸ்ஸர் போதாது, ஒழுங்கான ஸ்பீக்கர் வேண்டும், பாட்டரியும் அதிகம் தின்னும். அதனால் விலை கூட. யாருக்கு அவசியமோ அவர்களுக்குக் கேட்காத குரலே சல்லிசாகக் கிடைக்கிறது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் எந்த அலாரம் வாங்கினாலும் அவர்களை உட்கார வைத்து, காது மெஷின் இல்லாமல் ஒரு தடவை அழுத்திக் காட்டுங்கள். கடைக்காரரின் காதுக்குக் கேட்டு என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாலு நாளும் எங்கள் கட்டடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டோம். தன் வீடு இல்லை என்று தெரிந்ததும் அவரவர் போர்த்திக்கொண்டு படுத்தாயிற்று. ஜனங்கள் மேல் தப்பில்லை. பன்னிரண்டு சாமான் நாள் பூராவும் கூப்பிட்டால் மூளை ஒரு கட்டத்தில் காதைச் சாத்திக்கொண்டுவிடும். புலி வருது கதைதான். ஆஸ்பத்திரிகளிலேயே இந்த வியாதி இருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று தருகிற ஜாயிண்ட் கமிஷன் 2013-ல் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அங்கே அடிக்கிற அலாரங்களில் 85-லிருந்து 99 சதவீதம் வரை யாரும் எதுவும் செய்யத் தேவையில்லாதவை. மிச்சத்தில்தான் ஆபத்து. 2009 ஜனவரியிலிருந்து 2012 ஜூன் வரை அலாரம் சம்பந்தமாக அவர்களுக்கு வந்த 98 சம்பவங்களில் 80 சாவில் முடிந்திருக்கின்றன.

ஒரே குரலில் இரண்டு சேதி சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு 2005 ஆகஸ்ட் 14 சாட்சி. சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் கிளம்பிய ஹீலியோஸ் ஏர்வேஸ் 522. விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறவில்லை. அழுத்தத்தைப் பார்த்துக்கொள்கிற ஸ்விட்ச், தானாக இயங்கும் நிலையில் இல்லை. எச்சரிக்கை ஹாரன் ஒழுங்காகத்தான் அடித்தது. ஆனால் அந்த போயிங் 737-ல் அதே ஹாரன் வேறொன்றுக்கும் அடிக்கும்: தரையிலிருந்து எழும்பும்போது ஏதாவது சரியாக அமைக்கப்படாமல் இருந்தால். விமானிகள் அதுவென்று நினைத்துக் குழம்பினார்கள். பிராணவாயு குறையக் குறைய அந்தக் குழப்பம் தீரவே வழியில்லாமல் போய்விட்டது. எரிபொருள் தீர்கிற வரை தானாகவே பறந்து ஏதென்ஸ் அருகே மலையில் மோதியது. இருந்த 121 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

நம் வீட்டில் பிழைக்கப் பிழைக்கச் சண்டை போட வேண்டிய பீப் ஒன்றே ஒன்றுதான், கேஸ் டிடெக்டர். மற்றதெல்லாம் பால் கெடும், துணி ஈரமாக இருக்கும், அவ்வளவே. ஆகவே கேஸ் டிடெக்டரின் குரலை மட்டும் வீட்டில் எல்லாரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அழுத்தி, "இதுதான் அது" என்று அறிமுகம் செய்து வையுங்கள். வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவையும் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஆபீசில் இருக்கும்போது வீட்டில் இருப்பது அவர்தான்.

அது அடித்தால் லைட்டைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கமே போகாதீர்கள். ஸ்விட்சில் தெறிக்கிற ஒரு பொறி போதும். காற்றில் கேஸ் இரண்டு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லாரும் வெளியே போய், அங்கிருந்து 1906-க்கு போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே உள்ள நம்பர். அதே சமயம், சானிடைஸர், சென்ட் ஸ்ப்ரே ஆவிக்கெல்லாம்கூட இந்தக் கருவி அலறுவது உண்டு. உள்ளே இருக்கிற சூடான டின் ஆக்ஸைடு பொட்டுக்கு, எரியக்கூடிய எந்த ஆவியும் ஒன்றுதான். அதற்காகப் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். வாசனையை வேறு அறையில் அடித்துக்கொள்ளலாம். கருவியின் பின்பக்கம் காலாவதி வருஷம் இருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள். புகை அலாரத்துக்குப் பத்து வருஷம் ஆயுள் என்கிறார்கள். பாட்டரி மாற்றியும் க்விக்குவது நிற்கவில்லை என்றால் ஆளே ரிடையர் ஆகிவிட்டார் என்று பொருள்.

வாத்தியார் விவகாரத்துக்குப் பிறகு அவர் வீட்டுச் சாவி ஒன்று எங்களிடம், ஒன்று வாட்ச்மேனிடம். மூன்று பீப் கேட்டால் அவர் எழுந்திருக்க மாட்டார், நாங்கள் எழுந்திருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அவருக்கும் ஒரு கேஸ் டிடெக்டர் வாங்கினோம். மாட்ட வந்த எலெக்ட்ரீஷியன் நேரே அடுப்பு மேடைக்கு மேலே, மிக்ஸி பிளக்குக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறிவிட்டான். சிலிண்டர் கேஸ் காற்றைவிட கனம், தரையோடு தரையாகத்தான் பரவும்; தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்டு என்றேன். (சென்னையில் சில ஏரியாக்களில் இப்போது வருகிற குழாய் கேஸ் நேர் எதிர். லேசு, மேலே போகும். அதற்குக் கூரைக்குப் பக்கத்தில்.)

"இவ்ளோ கீழ வெச்சா யாருக்கும் தெரியாதே சார்!" என்றான் அவன் வருத்தமாக.

"கேஸுக்குத் தெரியும்ப்பா, நீ வை" என்றாள் என் மனைவி.